பத்துப் பிள்ளைகள், ஐந்து பெண்கள், ஒரு சனிக்கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிறார் வாசிப்பு பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாடப்புத்தகச் சுமையைப் பற்றியும் பள்ளி நூலகங்கள் பூட்டிக் கிடப்பதைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதிய ஒவ்வொரு வரியையும் ஏற்கிறேன். ஆனால் ஆங்கிலத் தொடர் நாவல்களையெல்லாம் ஒரே பத்தியில் குப்பை என்று ஒதுக்கியபோது காசு வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றிய 'தி பேபிசிட்டர்ஸ் கிளப்' தொடரின் பெயரையும் சேர்த்துவிட்டார். அந்த இடத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை.

எண் போட்டு விற்ற புத்தகங்கள்தாம் அவை, மறுக்கவில்லை. ஸ்காலஸ்டிக் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் ஆசிரியர் ஜீன் ஃபைவெல், பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை பற்றிய ஒரு கதைப் புத்தகம் பள்ளிகள் வழியாகப் புத்தகம் விற்கும் கிளப்களில் நன்றாக விற்பதைக் கவனித்தார். அதே விஷயத்தை வைத்து நான்கு நாவல்கள் எழுதித் தரும்படி எழுத்தாளர் ஆன் எம். மார்ட்டினிடம் கேட்டார். முதல் புத்தகம் 1986இல் வந்தது. நான்கோடு நிற்க வேண்டியது 2000ஆம் ஆண்டுவரை ஓடியது. கிளைத் தொடர்களையும் சேர்த்தால் இருநூறைத் தாண்டும், விற்றவை 17 கோடிப் பிரதிகளுக்கும் மேல். ஒருவரால் இவ்வளவு எழுத முடியாது. முதல் முப்பத்துச் சொச்சம் புத்தகங்களுக்குப் பிறகு பீட்டர் லெராஞ்சிஸ் போன்ற வேறு பலரும் எழுதினார்கள். பிந்தைய புத்தகங்கள் சில சோர்வாகத்தான் இருக்கும். கட்டுரையாளர் கையில் அவற்றில் ஒன்று அகப்பட்டிருந்தால் அவர் கோபம் எனக்குப் புரிகிறது.

நான் பேச வந்தது பதினெட்டாம் எண் புத்தகத்தைப் பற்றி. 'ஸ்டேசிஸ் மிஸ்டேக்', அதாவது ஸ்டேசி செய்த தவறு. மார்ட்டினே எழுதியது.

ஸ்டேசி நியூயார்க்கில் வளர்ந்த பதின்மூன்று வயதுப் பெண். நடுவில் கனெக்டிகட்டில் ஸ்டோனிபுரூக் என்ற சின்ன ஊருக்குக் (கற்பனை ஊர்தான்) குடிபோய் அங்கே கிறிஸ்டி, கிளாடியா, மேரி ஆன், டான் ஆகியோரோடு பிள்ளை பார்க்கும் கிளப்பில் சேர்ந்தவள். அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் மறுபடி நியூயார்க் வந்துவிடுகிறது. அவள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பெரியவர்கள் ஒரு சனிக்கிழமை கூட்டம் போடுகிறார்கள். அவர்களின் பிள்ளைகள் பத்துப் பேரை யார் பார்த்துக்கொள்வது? ஸ்டேசி தன் பழைய ஊர்த் தோழிகளைக் கூப்பிடுகிறாள். ஐந்து பெண்களும் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் சென்ட்ரல் பார்க்குக்கும் கிளம்புகிறார்கள்.

கதை இவ்வளவுதான். வில்லன் இல்லை, புதையல் இல்லை. ஆனால் பத்துப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போன எவரும் இது எவ்வளவு பெரிய சாகசம் என்று சொல்வார்கள். அந்த அருங்காட்சியகத்தின் கடல் மண்டபத்தில் 94 அடி நீள நீலத் திமிங்கலத்தின் மாதிரி கூரையிலிருந்து தொங்குகிறது. ஒரு பிள்ளை அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிடும், இன்னொன்று டைனோசாரைத் தேடி ஓடும், மூன்றாவதுக்குப் பாத்ரூம் போக வேண்டும். வெளியே வந்து சாலையைக் கடந்தால் 843 ஏக்கர் பூங்கா. தலை எண்ணி எண்ணியே பொழுது போய்விடும். பத்தும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமே என்ற கவலை ஒன்றே ஒரு நாவலைத் தாங்கும் என்று நம்பி எழுதியதற்காகவே மார்ட்டினை மதிக்கிறேன்.

சிறார் கதை எழுதுபவருக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. பெரியவர்களை எப்படி அப்புறப்படுத்துவது? அம்மாவைச் சாகடிப்பார்கள், அப்பாவைக் கப்பலேற்றுவார்கள், பிள்ளையை விடுதியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இந்தப் புத்தகத்தில் பெரியவர்கள் எதற்குப் போகிறார்கள் தெரியுமா? தங்கள் பகுதியில் வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்களுக்கு என்ன செய்யலாம் என்று பேசப் போகிறார்கள். எண்பதுகளின் நியூயார்க்கை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும். ஏழைகள் தங்கிய ஒற்றை அறை விடுதிகள் மறைந்து, வாடகை ஏறி, மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போன காலம் அது. வீடில்லாமல் வந்து கேட்கும் ஆண்களுக்குத் தங்குமிடம் தருவதாக 1981இல் நகர நிர்வாகம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இவை எதையும் மார்ட்டின் பாடமாக நடத்தவில்லை. தன் தெருவில் வாழும் வீடற்ற பெண் ஒருத்தியை ஸ்டேசி பெயர் சொல்லி அறிவாள், அவ்வளவுதான். தொடர் நாவல்கள் நிஜ உலகைக் காட்டுவதில்லை என்று கட்டுரையாளர் எழுதியதற்கு நான் தரும் பதில் இந்த ஒரு கூட்டம்தான்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பெண்களுக்குப் பிள்ளை பார்ப்பது விளையாட்டு இல்லை. திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரை முதல் ஆறுவரை கிளாடியாவின் அறையில் கூடுவார்கள், அவளுக்குத் தனி ஃபோன் இருப்பதால். யார் எந்த வீட்டுக்குப் போவது என்று ஒரு பதிவேடு. போய்வந்தவள் அங்கே நடந்ததை எழுத ஒரு நோட்டு. எந்தப் பிள்ளை எதற்கு அழும் என்பது அடுத்துப் போகிறவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பொம்மைகளும் புத்தகங்களும் போட்ட ஒரு பெட்டியையும் கையோடு எடுத்துப்போவார்கள். வீட்டில் பெண்கள் கூலியில்லாமல், யாரும் கவனிக்காமல் செய்துவரும் ஒரு காரியத்தை, திட்டமிட்டு, கணக்கு வைத்து, காசு வாங்கிச் செய்யும் தொழிலாகப் பதின்மூன்று வயதுப் பெண்கள் நடத்துவதை நான் வேறு எந்தச் சிறார் கதையிலும் அதுவரை படித்ததில்லை.

நகரத்தைக் காட்டிய விதமும் அருமை. டானுக்கு நியூயார்க் என்றாலே நடுக்கம், எதைப் பார்த்தாலும் பயப்படுகிறாள். மேரி ஆன் வழிகாட்டிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவள்போல நகரத்தின் விவரங்களை ஒப்பித்துக்கொண்டே வருகிறாள். நகரத்துத் தோழி லேனைப் பார்த்துக் கிளாடியா வெந்து போகிறாள். இரண்டு ஊர்த் தோழிகளை ஒரே வீட்டில் சேர்த்ததுதான் தலைப்பில் வரும் அந்தத் தவறு. சொந்த ஊர் நட்பும் வந்த ஊர் நட்பும் ஒரே விருந்தில் சந்திக்கும்போது நடுவில் நிற்பவள் படும் பாட்டை, கல்யாணமாகி வேறு ஊர் போன எந்தப் பெண்ணும் அறிவாள். ஸ்டேசிக்குச் சர்க்கரை நோய் வேறு, தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். முன்பு அந்த நோயினாலேயே இதே லேன் அவளைவிட்டு விலகியவள். தொடரை வரிசையாகப் படித்தவர்களுக்கு அந்தப் பழைய காயம் இந்த வார இறுதி முழுக்க அடியில் ஓடுவது தெரியும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் இந்தப் புத்தகத்தை வாடகைக்கு எடுத்தேன். அட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. அடுத்த கோடை விடுமுறையில் சித்தி பிள்ளைகள் மூவரையும் எழும்பூர் மியூசியத்துக்கு நானே பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்று அம்மாவிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினேன். அங்கேயும் ஒரு திமிங்கலம் உண்டு, எலும்புக்கூடு. மூன்று பேரை மூன்று மணி நேரம் எண்ணிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சித்தி என் கையில் பத்து ரூபாய் வைத்தாள். நான் சம்பாதித்த முதல் காசு அது.

இன்று என் மகள் இதே கதைகளைப் படக்கதையாகப் படிக்கிறாள். ரெய்னா டெல்கெமேயர் வரையத் தொடங்கி, 2006 முதல் வெளிவருபவை. அவள் வயதுக்குத் தமிழில் ஏதாவது வாங்கலாம் என்று புத்தகக் கடைக்குப் போனால் ஐந்து வயதுக்கு நிறைய இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண் தன்னையே காணக்கூடிய கதையைத் தேடினால் கைக்கு அகப்படுவது மிகக் குறைவு. தங்கள் இதழ் இந்த வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்களுக்கு மாதம் ஒரு பக்கமாவது மதிப்புரை ஒதுக்க வேண்டும். தொடர் நாவல்களையும் அதில் சேருங்கள். ஆன் மார்ட்டினின் இன்னொரு நாவல் 2003இல் நியூபெரி ஹானர் என்ற அமெரிக்கச் சிறார் இலக்கிய கௌரவத்தைப் பெற்றது. பெரிய பரிசு பெற்றவர்களும் எண் போட்ட புத்தகம் எழுதியிருக்கிறார்கள் என்பதை மதிப்புரையாளர்கள் நினைவில் வைத்தால் போதும்.

அந்த லெண்டிங் லைப்ரரி மூடப்பட்டபோது பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள். பதினெட்டாம் எண்ணை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். கட்டுரையாளர் படிக்க விரும்பினால் தங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்பி வைக்கிறேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும். என் மகள் இன்னும் அதைப் படிக்கவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி,
மயிலாப்பூர், சென்னை