சோதனைச்சாவடியில் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு-கேரள எல்லைப் பாதுகாப்பைக் கவனிக்கும் காவல்துறை உயரதிகாரிகளுக்கு வணக்கம்.

கூடலூரிலிருந்து வயநாட்டுக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். செக்போஸ்ட் தாண்டாமல் எங்களுக்குச் சோறு இல்லை, அதனால் இதை உங்களிடம்தான் கேட்டாக வேண்டும்.

2019 மார்ச்சில் வைத்திரி பக்கம் லக்கிடியில் ஒரு ரிசார்ட்டில் மாவோயிஸ்டுகள் நுழைந்து, துப்பாக்கிச் சூடு நடந்து, சி.பி.ஜலீல் என்பவர் இறந்தார் இல்லையா, அப்போது எனக்கு போன் போட்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: ரோடு திறந்திருக்கிறதா? எனக்கு எப்படித் தெரியும்? வாட்ஸ்அப்பில் வந்ததைத்தான் நானும் பார்த்தேன். சரியான தகவல் கிடைக்காதவர்கள் புக்கிங்கை ரத்து செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. துனிசியாவின் சூஸ் கடற்கரையில் 2015-இல் ஒருவன் 38 பேரைச் சுட்டுக் கொன்றான், அதில் 30 பேர் பிரிட்டன்காரர்கள். உள்ளூர் போலீஸ் நடந்துகொண்ட விதம் ஒரே குழப்பம், மோசமாகச் சொன்னால் கோழைத்தனம் என்று லண்டனில் நடந்த விசாரணையில் நீதிபதியே சொன்னார். அங்கே போகாதீர்கள் என்ற எச்சரிக்கையை பிரிட்டன் தளர்த்த 2 வருஷம் ஆனது. பஹல்காமை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 22 அன்று பைசரன் புல்வெளியில் 26 பேர் செத்தபோது காவலுக்கு ஆளில்லை. அப்புறம் காஷ்மீரில் 87 சுற்றுலா இடங்களில் 48-ஐ மூடினார்கள். மூடியது தப்பு என்று சொல்ல நான் யார், ஆனால் அதில் முதலில் பட்டினி கிடப்பது குதிரைக்காரன்தான். பயணிகளைக் காப்பாற்றப் போய் அன்று உயிரை விட்டவரும் ஒரு குதிரைக்காரர்தான், அதையும் மறந்துவிடக் கூடாது.

சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றாகச் செய்யுங்கள். ஆனால் ஒரு ராத்திரி, எந்தச் சாவடி என்று சொல்லப்போவதில்லை, தூங்குகிற குழந்தையின் முகத்தில் டார்ச் அடித்து, பால் பாட்டில் வரைக்கும் திறந்து பார்த்தார்கள், எதற்கு சார் என்று அந்த அம்மா கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை, என்னைப் பார்த்து "வண்டியை எடு" என்றார்கள். அந்தக் குடும்பம் ஊருக்குப் போய் வயநாட்டைப் பற்றி என்ன சொல்லியிருக்கும்?

ஏதாவது நடந்தால் எந்த ரோடு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று தமிழிலும் மலையாளத்திலும் உடனே சொல்லுங்கள். புது முகம், புது வண்டி எல்லாம் முதலில் எங்கள் கண்ணில்தான் படும், அதை யாரிடம் சொல்வது என்று ஒரு நம்பர் கொடுங்கள். கோடை சீசனுக்கு முன்னால் கூடலூர் ஸ்டாண்டுக்கு ஒரு நாள் வந்து எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள், டீச்செலவு எங்களுடையது.