காவலர் பயிற்சிக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் செவிலியர். சாலை விபத்தோ கத்திக்குத்தோ, பல நேரங்களில் ஆம்புலன்சுக்கு முன்னால் போய் நிற்பவர் காவலர்தான். அந்த முதல் சில நிமிடங்களுக்கு அவருடைய கைகளைப் பழக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

தொடையில் பெரிய தமனி அறுபட்டால் ஐந்து நிமிடத்துக்குள் உயிர் போய்விடலாம். மேலோட்டமாகக் கைக்குட்டையைச் சுற்றினால் ரத்தம் நிற்காது. காயத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, உடல் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்த வேண்டும். கை, காலில் அதற்கும் அடங்காவிட்டால் டூர்னிக்கெட், அதாவது ரத்த ஓட்டத்தை நிறுத்த முறுக்கி இறுக்கும் பட்டை. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல் போட்டு, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். அடிபட்டவர் வலியில் கதறுவார். மனம் இளகித் தளர்த்திவிடக் கூடாது. கட்டிய நேரத்தை எழுதி வைத்தால் மருத்துவமனையில் எங்களுக்குப் பேருதவி. தொடையிடுக்கிலோ அக்குளிலோ காயம் என்றால் டூர்னிக்கெட் உதவாது. காஸ் துணியை விரலால் காயத்தின் ஆழம்வரை திணித்து, விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் வகுப்பில் படம் காட்டினால் வராது. இருட்டில், வழுக்கும் கைகளோடு செய்து பார்த்தால்தான் வரும்.

நினைவின்றிக் கிடப்பவர் விட்டுவிட்டுத் திணறுவதைப் பார்த்து, மூச்சு இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

காவலில் இருப்பவரின் உயிரும் உங்கள் பொறுப்புதான். விலங்கு மாட்டப்பட்டவரைக் குப்புறக் கிடத்தி, முதுகில் பாரத்தை ஏற்றினால் மூச்சு முட்டும். பேச முடிகிறதே என்று அலட்சியப்படுத்துவது ஆபத்து. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிசில், காவலர்கள் விலங்கிட்டுக் குப்புற அழுத்திப் பிடித்திருந்த ஜார்ஜ் ஃபிளாய்ட் மூச்சு விட முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாடி தென்படவில்லை என்று ஒரு காவலர் சொன்ன பிறகும், அங்கே தரையில் கிடந்தவருக்கு யாரும் நெஞ்சழுத்தம் கொடுக்கவில்லை. விலங்கிட்ட மறுகணமே ஒருக்களித்துப் படுக்க வைப்பது அனிச்சையாகவே நடக்க வேண்டும்.

ரத்தத்தில் சர்க்கரை குறைந்தவரும் தலையில் அடிபட்டவரும் குடித்தவரைப் போலவே உளறுவார்கள். தூங்கி எழட்டும் என்று அறையில் தனியே விட்டுவிடாதீர்கள். எழுப்பிப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

டூர்னிக்கெட்டும் காஸும் வண்டியின் பின்பெட்டியில் அல்ல, காவலரின் இடுப்புப் பட்டையில் இருக்கட்டும். துப்பாக்கிப் பயிற்சியைப் போலவே முதலுதவிப் பயிற்சியையும் ஆண்டுதோறும் கட்டாயமாக்குங்கள். அழைத்தால், என்னைப் போன்ற செவிலியர்கள் வந்து கற்றுத்தரத் தயார்.

இப்படிக்கு,
விபத்துச் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்