22 குஞ்சு என்று சொன்னது பொய்

மக்கா,

நாலு மாதமாக உன் போனை எடுக்காததற்குக் காரணம் கோபமில்லை, வெட்கம். நீ ஆசையாக வாங்கி அனுப்பிய இன்குபேட்டரில் 24 முட்டை வைத்து 22 பொரித்தது என்று சொன்னேன் அல்லவா? பொரித்தது மூன்று. அதிலும் ஒன்று மறுநாளே போய்விட்டது. போட்டோவில் நீ பார்த்தவை, சைக்கிளில் கூடை கட்டி விற்க வந்தவரிடம் வாங்கிய குஞ்சுகள். "எல்லாம் ஒரே அச்சா இருக்கே" என்று நீ கேட்டபோதே எனக்கு வியர்த்துவிட்டது.

வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு நாகர்கோவிலிலேயே வேலை கிடைத்துவிட்டது. அத்தைக்கு மூட்டுவலி அப்படியே.

தப்பு என்னுடையதுதான். முன்பக்கம் 37.5 என்று எரிந்த எண்ணை வேதவாக்காக நம்பினேன். 16ஆம் நாள் ஏதோ சந்தேகம் வந்து, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். பாரன்ஹீட்டில் 99.5 காட்ட வேண்டியது 101ஐத் தாண்டி நின்றது. முட்டைக்கே காய்ச்சல்! அதைச் சரிசெய்து மூன்று நாள்கூட ஆகவில்லை, காற்றில் ரப்பர் மரம் கம்பிமேல் சாய்ந்து பதினோரு மணி நேரம் கரண்ட் இல்லை. அதே சமயம் விறகுப்புரையில் நம் சிறுவிடைக் கோழி கறுப்பி யாரிடமும் சொல்லாமல் 11 முட்டைமேல் அடைகிடந்து, 21ஆம் நாள் பத்துக் குஞ்சோடு இறங்கி வந்தாள். உன் இன்குபேட்டரில் இப்போது கருவாடு இருக்கிறது. எறும்பு ஏறுவதில்லை, அந்த மட்டில் நல்ல பெட்டி.

இதை இப்போது ஒப்புக்கொள்ளக் காரணம் நீ அனுப்பிய பட்டியல். ஓய்வுபெற்றதும் கோழியும் தேனீயும் வளர்க்கப் போகிறாயாம். தானாகத் திறக்கும் கூட்டுக்கதவு, நிலாவுக்குப் போகிறவன் மாதிரி ஒரு வெள்ளை உடுப்பு, குழாயைத் திருகினால் தேன் ஒழுகும் ஆஸ்திரேலியப் பெட்டி. டேய், அந்தப் பெட்டி இத்தாலியத் தேனீக்காகச் செய்தது. நம் அடுக்குத் தேனீ கட்டும் கண்ணறை அதைவிடச் சின்னது. திருச்சியிலிருந்த நியூட்டன் பாதிரியார் நூறு வருடத்துக்கு முன்பே நம் தேனீயின் அளவு பார்த்து ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறார். கீழறையில் தேனடை கட்ட ஏழு சட்டம், மேலே தேனறை. மார்த்தாண்டம் பக்கம் இன்றும் அதுதான். ஆஸ்திரேலியக் குழாய்க்கு ஏன் அலைகிறாய்?

காசை வலையில் போடு. நான் முதலில் அடித்தது அறுகோணக் கண் கோழிவலை. அது கோழியை உள்ளே நிறுத்தும், மற்றவர்களை வெளியே நிறுத்தாது. ஒரே ராத்திரியில் மரநாய் புகுந்து ஆறு கோழி. தின்றது ஒன்று, மீதி ஐந்தும் கழுத்து கடிபட்டு வரிசையாகக் கிடந்தன. காலையில் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது அரை அங்குலக் கண் வெல்டு மெஷ், மண்ணுக்குள்ளும் ஓரடி இறக்கியிருக்கிறேன், கீரி தோண்டும் என்பதால். தூக்கினால் திறக்கும் கொண்டி வைக்காதே. அந்த மரநாய்க் கள்ளனுக்கு விரல் இருக்கிறது.

குஞ்சுக்குச் சூடு காட்ட ஒரு குண்டு பல்பு போதும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு. எந்த மானியும் இதைவிட நன்றாகச் சொல்லாது. ஆனால் ஒரு நல்ல பிளாஸ்க் வாங்கு, சிரிக்காதே. ஏழாம் நாள் கண்ணில் விடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து வழியில் சூடாகிவிட்டால், நீ விடுவது வெறும் தண்ணீர்.

கோழி, தேனீ இரண்டையும் ஒரே புறக்கடையில் வைத்தால் வரும் கூத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. எறும்பு ஏறாமலிருக்கத் தேன்பெட்டிக் காலுக்கு நீர்க்கிண்ணம் வைத்தேன். கோழிகள் அதைக் குடித்துத் தீர்த்துவிட்டு நின்றன. இப்போது ஒவ்வொரு காலிலும் கிண்ணத்துக்கு மேலே ஒரு பழைய அலுமினியத் தட்டைத் துளைபோட்டுக் கவிழ்த்திருக்கிறேன். கோழிச்சட்டித் தண்ணீருக்குப் பங்குனி வெயிலில் தேனீ வந்து விழுந்து சாகும், அதனால் சட்டியில் கூழாங்கல் போட்டேன். அப்புறம் கொத்தினால் சொட்டும் நிப்பிள் குழாய்க்கே மாறிவிட்டேன், சட்டி தேனீக்கு மட்டும். பெட்டியடியில் விழும் மெழுகுப்புழுவைக் கறுப்பி பொறுக்கித் தின்பாள். இதுவரை எழுதியதெல்லாம் சந்தோஷமான பகுதி.

போன வாரம் மூன்றாம் தேன்பெட்டியின் சட்டம் ஒன்றைத் தூக்கினேன். மூடி பாதி திறந்த அறைகளில் நாலைந்து தேனீப் புழுக்கள் தலையை மேலே தூக்கியபடி செத்திருந்தன. ஊசியால் எடுத்தேன். உள்ளே தண்ணீர் நிறைந்த பைபோல வந்தது. மக்கா, கால் தளர்ந்துவிட்டது.

1991 ஞாபகம் இருக்கிறதா? நீயும் நானும் வேலை தேடி ஊர்சுற்றிக்கொண்டிருந்த வருடம். அப்பாவிடம் 40 பெட்டி. தேனீப் புழுவைக் கொல்லும் அந்த நோய்க்கு 'தாய் சாக்புரூட்' என்று பெயர்கூட நமக்கு அப்புறம்தான் தெரியும். தெற்கே பத்தில் ஒன்பது கூட்டம் போயிற்று என்றார்கள், அப்பாவுக்கு 40இல் மிஞ்சியது இரண்டு. வைரஸ், மருந்து கிடையாது, இன்றும் கிடையாது. அவர் காலிப் பெட்டிகளை மச்சில் ஏற்றிவிட்டு ரப்பர் வெட்டப் போனார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது 86 வயது, கண் மங்கல். நான் மச்சிலிருந்து பெட்டிகளை இறக்கிய நாளில் அவர் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்ததை உனக்குச் சொன்னேனே.

அவரிடம் சொல்லவில்லை. ராணித் தேனீயைப் பிடித்துக் கூண்டில் அடைத்தேன். கட்டைவிரல் அளவு கம்பிக்கூண்டு. உன் பட்டியலில் அது இல்லை. இரண்டு மூன்று வாரம் முட்டை விழாவிட்டால் நோய்க்குப் புதுப்புழு கிடைக்காது, அதற்குள் வேலைக்காரத் தேனீக்கள் அறைகளைச் சுத்தம் செய்துவிடும். அந்தப் பெட்டிச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றுவதில்லை. சட்டம் நெம்ப அதற்கென்று தனி உளி. அதையும் ஒவ்வொரு முறையும் அடுப்பில் சுட்டு எடுக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அப்பா திண்ணையில் இருந்தார். நான் வைத்துவிட்டுப் போன உளியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"சுட்டிருக்கியே. எந்தப் பெட்டி?"

மூன்று என்றேன். எத்தனை புழு என்று கேட்டார், சொன்னேன். நாற்காலியை அந்தப் பெட்டிப் பக்கம் போடச் சொல்லி, இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். மற்ற ஐந்து பெட்டியையும் இன்று காலை பார்த்துவிட்டேன், இதுவரை சுத்தம்.

இன்னும் 12 நாளில் கூண்டைத் திறந்து சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் கண் தெரியாது, என் கண்ணை இந்த விஷயத்தில் நானே நம்பவில்லை. பயந்தவனுக்குப் பார்ப்பதெல்லாம் செத்த புழு. நீ ரயிலேறி வா. தேனீ கொட்டி உன் காது வீங்கிய கதைக்குப் பிறகு உனக்கு முகவலை இல்லாமல் அனுமதி கிடையாது, இங்கே ஒன்று இருக்கிறது. மூச்சுத் திணறல் வந்த ஆள் நீ என்பதால், டாக்டரைப் பார்த்துக் கையில் வைத்திருக்க வேண்டிய ஊசியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வா. இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதே. பெட்டிக்குப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் போதும், சட்டத்தை நான் கொண்டு வந்து காட்டுகிறேன்.

பரிசு என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே. கருவாடு நிறைய இருக்கிறது.

உன்,
புறக்கடைக்காரன்