புகைச் சான்றிதழில் நான்கு எண்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெட்ரோல் வாகனத்தின் புகைச் சான்றிதழில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் என்று இரண்டு எண்களை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால், சோதனை ஒழுங்காக நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் அளவுகளும் அதில் இருக்க வேண்டும். நான்கு வாயுக் கருவி அவற்றையும் அளக்கத்தான் செய்கிறது.

கருவியின் உறிஞ்சுகுழலை சைலன்சருக்குள் குறைந்தது 30 செ.மீ. நுழைக்க வேண்டும். நுனியில் மட்டும் செருகினாலோ, சைலன்சரில் ஓட்டை இருந்தாலோ வெளிக்காற்று கலந்து எண் இறங்கிவிடும். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினில் மோனாக்சைடையும் டை ஆக்சைடையும் கூட்டினால் ஏறத்தாழ 15 சதவீதம் வர வேண்டும். (இயற்கை எரிவாயு வண்டிக்குக் கூட்டுத்தொகை குறைவு.) மோனாக்சைடு 0.3, டை ஆக்சைடு 7.2 என்று வந்தால் கூட்டுத்தொகை 7.5 தான், பாதிக்குப் பாதி காற்று. உண்மையான மோனாக்சைடு 0.3 × 15 ÷ 7.5, அதாவது 0.6 சதவீதம். வரம்பு 0.5 என்றால், தோற்க வேண்டிய வண்டி தேறிவிட்டது! ஆக்சிஜன் 10 சதவீதத்தை ஒட்டி நிற்பதும் இதையே காட்டிக்கொடுக்கும். ஆனால் சில வண்டிகளில் புகைக்குழாய்க்குள் காற்றைச் செலுத்தும் அமைப்பே உண்டு. ஆக்சிஜன் எண்ணை மட்டும் பார்த்து, சோதித்தவரைக் குறை சொல்லிவிடக் கூடாது.

ஹைட்ரோகார்பன் கதை வேறு. எண்ணெய்ப் புகை கக்கிய வண்டியின் மிச்சம் குழாயிலும் ஃபில்டரிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் நல்ல வண்டியின் கணக்கில் ஏறும். சுத்தமான காற்றை உறிஞ்சவிட்டு, எண் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழே இறங்கிய பிறகே அடுத்த வண்டியைத் தொட வேண்டும். அதே காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டவில்லையென்றால் ஆக்சிஜனை அளக்கும் செல் தேய்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். அது சும்மா கிடந்தாலும் தேயும்.

டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறோம். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை ஒரே மூச்சில் முழுதாக மிதிக்க வேண்டும். மெல்ல மிதித்தால் கரும்புகை வராது. இப்படித் தில்லுமுல்லு செய்ய முடியும். புகையிலுள்ள கரித்துகள்களைத் தடுக்கும் துகள் வடிகட்டியைக் கழற்றிவிட்ட வண்டிகூட இந்தச் சோதனையில் தப்பிவிடலாம். அதைப் பிடிக்கத் துகள்களை எண்ணும் கருவி தேவை. நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023 முதல் அதைக் கட்டாயமாக்கிவிட்டன.

நைட்ரஜன் ஆக்சைடுகளோ எஞ்சின் சுமை இழுக்கும்போதுதான் பெருகும். நின்ற இடத்தில் உறுமவிட்டு அவற்றை அளப்பதில் பயனில்லை.

இப்படிக்கு,
புகைப் பரிசோதனைக் கருவிகளைப் பராமரிக்கும் வாசகர்கள்