அம்மம்மா ஏசினவதான், ஆனா பிள்ளைய விடேல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன்ல படத்தை வச்சு மிரட்டுப்படுற பொம்பிளப் பிள்ளையளைப் பற்றி உங்கட பேப்பரில மட்டுமில்ல, எல்லாப் பேப்பரிலயும் செய்தி வருது. வாசிச்சா பிள்ளைக்கு என்ன வயசு, எந்தப் பக்கத்து ஊர், எந்த வகுப்பு, காதலாமோ இல்லையோ எண்டு எல்லாம் கிடக்கும், ஆனா அதே கஷ்டத்தில இருக்கிற இன்னொரு பிள்ளை அதை வாசிச்சா தான் யாருக்கு கோல் எடுக்கிறது எண்டு ஒரு வரி கிடக்காது. எனக்கு இதில கோவம் இருக்கு. அதாலதான் எழுதுறன்.

எங்கட ஒழுங்கைக்குள்ள ஒரு வீட்டில அம்மம்மாவும் பேத்தியும் மட்டும்தான். தாய் குவைத்தில வீட்டு வேலை. பேத்தி பள்ளிக்கூடத்தில படிக்கிறா. இதை எழுத ரெண்டு பேரிட்டயும் கேட்டனான், பிள்ளை தலையாட்டினவ, அம்மம்மா "எழுது, ஆனா எங்கட பேரோ இடமோ வந்திச்சு எண்டா உன்ர முற்றத்துக்கு வந்து ஏசுவன்" எண்டு சொன்னவ. ஏசக்கூடிய மனிசிதான். அவவுக்குப் பயந்து மீன்காரர் பழைய மீனோட எங்கட ஒழுங்கைக்குள்ள வாறதில்ல, செவுளைக் கிளப்பிப் பார்த்திட்டு றோட்டில வச்சே நாறடிச்சுப் போடுவா. திருமலை டவுனுக்குள்ள மான் திரியிறது உங்களுக்குத் தெரியும்தானே, அதுகள் வந்து செவ்வரத்தம் கொப்பைக் கடிச்சா மானோடயும் சண்டை. பத்திரகாளி அம்மன் கோயில் வரிசையில ஆரும் இடையில பூந்தா பூசை முடியுமட்டும் முணுமுணுப்பு. பேத்தியையும் காலமை எழும்பினதில இருந்து தலை இழுக்கேல்ல, பெனியன் மடிக்கேல்ல எண்டு ஒரே ஏச்சு. அந்தப் பிள்ளை பாவம் எண்டு நாங்கள் எல்லாரும் கதைக்கிறனாங்கள்.

ஆனா பிள்ளை சாப்பாட்டைக் குறைச்சதை முதல்ல கண்டது அவதான். பிறகு ஒருநாள் காதில தோட்டைக் காணேல்ல. நெட்போல் விளையாடேக்க விழுந்திட்டு எண்டு பிள்ளை சொல்ல, ரெண்டு தோடும் ஒரே நாளில எப்பிடி விழும் எண்டு கேட்டவ. அதோட பிள்ளை உடைஞ்சு எல்லாத்தையும் சொல்லிப்போட்டுது. ஆரோ ஒருத்தன் பேஸ்புக்கில பழகி, ஒரு படத்தை வச்சுக்கொண்டு முதல்ல ரீலோட் போடச் சொல்லி, பிறகு காசு கேட்டு, குடுக்கக் குடுக்க கூடக் கேட்டு, கடைசியில தோட்டையும் ஒரு சிநேகிதியப் பிடிச்சு வித்துத்தான் குடுத்திருக்கிறா. குடுக்காட்டி பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்புக்கெல்லாம் போடுவன் எண்டு சொன்னவனாம்.

அந்தப் படம் பிள்ளை அனுப்பினதோ, முகத்தை வெட்டி ஒட்டி எடிட் பண்ணினதோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது, ஏனெண்டா அம்மம்மா அதைக் கேக்கவே இல்ல. நினைச்சுப் பாருங்கோ ஐயா, அஞ்சு ரூவா மிச்சக் காசுக்கு கடைக்காரனை அரை மணித்தியாலம் விசாரிக்கிற மனிசி, அந்த ஒரு கேள்விய வாயில எடுக்கேல்ல. "விசரி, தோட்டை விக்க முதல் எனக்குச் சொல்லியிருந்தா அவனுக்கு நான் பதில் சொல்லியிருப்பன், இப்ப எழும்பி முகத்தைக் கழுவு" எண்டுதான் ஏசினவ. பிள்ளை எனக்கு இருக்க விருப்பமில்ல அம்மம்மா எண்டு அழுதிருக்கு. அண்டு தொடக்கம் பிள்ளையின்ர கட்டிலுக்குப் பக்கத்தில நிலத்தில பாய் போட்டுத்தான் மனிசி படுத்தவ, முழங்கால் வருத்தத்தோட. அடுத்தநாளே ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு போனவ. அங்க வந்திருந்த தெரிஞ்ச ஆள் ஒண்டு ஏன் வந்தனீங்கள் எண்டு மெல்லக் கேக்க, "நீ ஏன் வந்தனீயோ அதுக்குத்தான்" எண்டவவாம்.

போனை அடிச்சு நொறுக்கத்தான் அவவுக்கு முதல்ல மனம், எங்கட கனபேர் வீட்டில நடக்கிறதும் அதுதான். அவ என்னட்ட போனைக் கொண்டுவந்தபடியால நான் சொன்னன், உடைக்காதேங்கோ, மெசேஜ் ஒண்டும் அழிக்காதேங்கோ, அதுதான் சாட்சி எண்டு. அவன்ட அக்கவுண்ட் பேர், நம்பர், காசு போன திகதி, எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சிட்டு, பிறகுதான் புளொக் பண்ணினது. ஒரு சதம் கூட இனிக் குடுக்கிறேல்ல எண்டும் முடிவெடுத்தாச்சு. அதுக்குப் பிறகு 1929க்கு எடுத்தம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர நம்பர், காசில்லாத கோல், எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலயும் கதைக்கலாம்.

முறைப்பாடு குடுக்கப் போன இடத்தில வாக்குமூலத்தை சிங்களத்தில எழுதிப்போட்டு கையெழுத்து வை எண்டிச்சினம். எந்த இடம் எண்டு நான் இங்க எழுதேல்ல. நானும் கூடப் போனனான், எனக்கே வச்சிட்டு வருவம் எண்டுதான் இருந்தது, அம்மம்மா கதிரையில சாய்ஞ்சு இருந்திட்டா, "வாசிக்க ஏலாத கடுதாசியில நான் கையெழுத்து வைக்கமாட்டன், தமிழ் தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ, நான் இருக்கிறன்" எண்டு. பின்னேரம் மட்டும் இருந்தவ. கடைசியில தமிழ் தெரிஞ்ச பொம்பிளை உத்தியோகத்தர் ஒராள் வந்து நல்ல பொறுமையா முழுக்க எழுதினவ. 1988இல வந்த இலங்கை அரசியலமைப்பின்ர 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில நிர்வாக மொழி தமிழ். அம்மம்மாவுக்குச் சட்டமும் தெரியாது திருத்தமும் தெரியாது. ஆனா இது தெரிஞ்சிருந்தும் சும்மா கையெழுத்து வச்சிட்டு வாற சனம் எங்கட ஊரில நிறைய, அது மாறவேணும்.

படம் பரவிடும் எண்ட பயம்தான் பிள்ளைய நித்திரை கொள்ள விடேல்ல. அதுக்கு டேக் இட் டவுன் எண்டு ஒரு இலவச சேவை இருக்கு, 18 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களின்ர படத்துக்கு, அமெரிக்காவில சிறுவர்களுக்கு வேலை செய்யிற நிலையம் ஒண்டு நடத்துது. படத்தை ஒருத்தருக்கும் அனுப்பத் தேவையில்ல, உங்கட போனுக்குள்ளயே அந்தப் படத்துக்கு கைரேகை மாதிரி ஒரு இலக்கம் உண்டாகும், அந்த இலக்கம் மட்டும்தான் போகும், பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் மாதிரி சேர்ந்திருக்கிற இடங்களில அதே படம் ஏறினா கண்டுபிடிச்சு எடுக்க அது உதவும். வாட்ஸ்அப்புக்குள்ள போறதை இதால பிடிக்க ஏலாது, அதையும் சொல்லத்தான் வேணும். வாட்ஸ்அப்பில வந்தா பார்த்திட்டு இன்னொருத்தருக்கு அனுப்புற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன், 18க்குக் குறைஞ்ச பிள்ளையின்ர ஆபாசப் படத்தை வச்சிருக்கிறதும் பரப்புறதும் தண்டனைச் சட்டக்கோவை 286அ பிரிவின்படி குற்றம், நான் எடுக்கேல்ல வந்ததைத்தான் அனுப்பினன் எண்டு சொல்லித் தப்ப ஏலாது.

சொந்தக்காரர் ஒராள் வந்து, பள்ளிக்கூடத்தை நிப்பாட்டி கொழும்பில மாமி வீட்டில விடுவம், ஊர் மறக்கட்டும் எண்டு சொன்னவர். "அவள் என்னத்துக்கு ஊரை விட்டு ஓடவேணும், களவெடுத்தவளோ" எண்டு கேட்டு தேத்தண்ணி கூடக் குடுக்காமல் அனுப்பிவிட்டவ. குவைத்துக்கும் தானே எடுத்துச் சொன்னவ, தாய் அந்தப் பக்கம் அழ, அழுகைய விட்டுட்டு பிள்ளையோட கதை எண்டு போனைக் குடுத்தவ. பிள்ளை திரும்ப பள்ளிக்கூடம் போகத் தொடங்கினதும் கேற் வரைக்கும் கூடப் போறவ, போற வழி முழுக்க சப்பாத்து வெள்ளையில்ல எண்டு ஏச்சு வேற. பிள்ளை அதுக்குத் திருப்பி வாய் காட்டுறதைக் கேக்க எங்களுக்குச் சந்தோசமா இருக்கு, கொஞ்சக் காலம் அது வாயே திறக்கேல்ல.

கேஸ் இன்னும் முடியேல்ல, அவன் ஆரெண்டும் எங்களுக்குத் தெரியாது.

ஐயா, எல்லாப் பிள்ளைக்கும் இப்பிடி ஒரு அம்மம்மா வாய்க்காது. தடவித் தடவிக் கதைக்கிற தாய் தகப்பன்மார் கூட இந்த விசயம் எண்டதும் நீ ஏன் அனுப்பினனி எண்டு கேட்டு பிள்ளையின்ர வாயை அடைச்சுப் போடுகினம். அதால உங்களிட்டக் கேக்கிறது ரெண்டே ரெண்டு. இப்பிடிச் செய்தி போடேக்க ஊரையும் வகுப்பையும் விட்டுடுங்கோ, சின்ன ஊரில அது பேர் போடுறதுக்குச் சமன். மற்றது, சிறுவருக்கு 1929, பெண்களுக்கு 1938, மனம் தாங்க ஏலாத நேரத்துக்கு 1926 எண்டு மூண்டு நம்பரையும் பெரிய எழுத்தில ஒவ்வொரு நாளும் போடுங்கோ. உள்பக்கத்தில ஒளிச்சுப் போடாமல் மரண அறிவித்தல் பக்கத்தில போடுங்கோ, எங்கட அம்மம்மாமார் பேப்பரைக் கையில எடுத்ததும் முதல்ல பாக்கிறது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டு வாசகி,
திருகோணமலை.