சூரியனைப் படமெடுக்க எந்தக் கேமரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரியக் கரும்புள்ளிகள் பற்றித் தங்கள் மாணவர் பக்கத்தில் கட்டுரை வந்த பிறகு, கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பள்ளி அறிவியல் மன்றத்தார் சிலர், தங்களிடம் உள்ள சிறு தொலைநோக்கிக்கு எந்தக் கேமரா வாங்கலாம் என்று என்னைக் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கான விடையைத் தங்கள் இதழ் வழியாகவே சொல்ல விரும்புகிறேன்.

மெகாபிக்சலைப் பார்த்து வாங்க வேண்டாம். முன்னாள் மாணவர்கள் திரட்டித் தந்த பணத்தில், கடைக்காரர் பேச்சை நம்பி, பெட்டியின் மேல் பெரிய எண் அச்சிட்டிருந்த கேமரா ஒன்றை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். முழு அளவில் நொடிக்கு ஐந்தாறு படங்களுக்கு மேல் அதனால் அனுப்ப முடியவில்லை. வெயில் ஏறினால் தொலைநோக்கியில் சூரியனின் விளிம்பு உலைநீர் போலத் தளதளக்கும்; நொடிக்கு முப்பது படங்களாவது வருமாறு காணொளி எடுத்து, காற்று சற்றே அடங்கிய கணத்தில் விழுந்தவற்றை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருளால் பொறுக்கி அடுக்கினால்தான், கரும்புள்ளியின் நடுக்கருமையும் அதைச் சுற்றிய மங்கலான வளையமும் பிரிந்து தெரியும்.

அடுத்தது சென்சாரின், அதாவது கேமராவுக்குள் பிம்பத்தைப் பதியும் சில்லின், அளவு. தொலைநோக்கியின் குவியத் தொலைவை (பெரிய வில்லையிலிருந்து பிம்பம் விழும் இடம் வரையுள்ள தூரம்) ஏறத்தாழ 109 ஆல் வகுத்தால் சூரிய பிம்பத்தின் விட்டம் கிடைக்கும்; எங்கள் பள்ளியில் உள்ள 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட தொலைநோக்கியில் அது 6.4 மி.மீ. கோள்களைப் படமெடுக்க விற்கும் 12 லட்சம் பிக்சல் கேமராக்களின் சென்சார் 4.8 க்கு 3.6 மி.மீ. தான் என்பதால் முழு வட்டம் அடங்காது. ஆனால், பிம்பத்தைப் பாதியாக்கும் சிறு வில்லை ஒன்றை முன்னால் திருகிவிட்டால் 3.2 மி.மீ. ஆகி உள்ளே உட்கார்ந்துவிடும். இப்போது நாங்கள் இப்படித்தான் எடுக்கிறோம். கறுப்பு வெள்ளைக் கேமராவே போதும். சூரிய ஒளியைக் குறைக்கும் வடிகட்டித் தாள் வழியே சூரியனில் பார்ப்பதற்கு வண்ணம் ஏதுமில்லை. யாரிடமாவது வில்லையைக் கழற்றி மாட்டும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா சும்மா கிடந்தால், அதன் சென்சார் பெரியது, அதை வைத்தே தொடங்கலாம்.

கேமராவுக்கு முன்பே வாங்க வேண்டியது வடிகட்டித் தாள். அது குழாயின் முன்புறம், பெரிய வில்லையை முழுவதும் மூடியிருக்க வேண்டும். ஒளி அடர்த்தி 5 என்று குறித்த தாள் லட்சத்தில் ஒரு பங்கு ஒளியையே விடும், 3.8 என்று குறித்தது கேமராவுக்கு மட்டுமே, கண்ணுக்கு ஒருபோதும் ஆகாது. கண்ணருகு வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கக்கூடியது. அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். குறிபார்க்கக் குழாயின் பக்கத்தில் பொருத்தியிருக்கும் சிறு குறிநோக்கியையும் மூடி போட்டு வையுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நாள் கேமராப் படங்களில் ஒரே இடத்தில் நின்ற கரும்புள்ளியை நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். தொலைநோக்கியை லேசாக நகர்த்தினோம். சூரியன் நகர்ந்தது, புள்ளி நகரவில்லை. சென்சார் மேல் தூசி!

பள்ளியின் கான்கிரீட் மாடியில் பதினோரு மணிக்கு எடுத்த படங்களைவிட, கிருஷ்ணகிரி அணைக்கரையில் காலை எட்டரைக்கு எடுத்தவை எவ்வளவோ தெளிவு. நீர்ப்பரப்பின் மேல் காற்று அதிகம் கொந்தளிப்பதில்லை. உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபத்தே சாகர் ஏரிக்குள் அமைத்ததும் இதனால்தான்.

2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் கங்கண (வளைய வடிவ) சூரிய கிரகணம் தெரியவிருக்கிறது. அதையொட்டி மன்றங்களுக்குக் கேமரா வாங்கும் அலுவலர்கள் விலைப்புள்ளி கோரும்போது, சென்சாரின் நீள அகலத்தையும், முழு அளவில் நொடிக்கு எத்தனை படம் என்பதையும் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.