இரவில் வரும் புகையை இரவில் வந்து சோதிக்க வேண்டுகிறோம்

பெறுநர்:
இயக்குநர்,
பினாங்கு மாநிலச் சுற்றுச்சூழல் துறை

அனுப்புநர்:
ஜூரு ஆற்றுப் பக்கத்துத் தாமான் குடியிருப்பாளர்கள்,
செபராங் பிறை

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் தாமானுக்குப் பின்னால், பெரிய கால்வாயைத் தாண்டி, பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. பகலில் போய்ப் பார்த்தால் புகையே தெரியாது. நள்ளிரவு பன்னிரண்டரைக்கு மேல்தான் வாடை கிளம்பும். சன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். காலையில் கொடியில் கிடக்கும் பள்ளிச் சீருடையில் கருந்தூள் படிந்திருக்கும். இளைப்பு உள்ள பிள்ளைகள் பாட்டியின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள்.

நாங்கள் புகார் செய்யாமல் இல்லை. ஓர் அலுவலகத்தில் கேட்டால், அது லைசென்ஸ் விஷயம் என்று இன்னோர் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போனால், கால்வாய் தங்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள். சரி, சொன்ன இடமெல்லாம் ஏறி இறங்கினோம். ஒருமுறை பார்வையிட ஆள் வந்தார்கள், காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் அங்கே என்ன தெரியும்?

அதனால்தான் நேராக உங்களிடம் வருகிறோம். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் முகப்பிலேயே அதன் நோக்கம் எழுதியிருக்கிறது: தூய்மைக்கேட்டைத் தடுப்பது, குறைப்பது, கட்டுப்படுத்துவது, சுற்றுச்சூழலை மேம்படுத்துவது. அதில் தடுப்பதுதான் முதலில் நிற்கிறது. வளாகத்துக்குள் நுழைந்து சோதிக்கவும் மாதிரி எடுக்கவும் அச்சட்டம் உங்கள் அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகிறது. 2024-இல் வந்த திருத்தம் உச்ச அபராதத்தை 1 கோடி வெள்ளி (ரிங்கிட்) வரை உயர்த்தியிருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய தெம்பு. ஆனால் புகை எழும் நேரத்தில் ஒருவர் பார்த்துப் பதிவு செய்தால்தானே அபராதம் என்ற பேச்சே வரும்?

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டையும் தினமும் பார்க்கிறோம். பெரும்பாலும் "மிதம்" என்றே காட்டுகிறது. அந்த எண்ணில் குறை சொல்லவில்லை. நுண்துகளை 24 மணி நேரச் சராசரியாகக் கணக்கிடும்போது, இரண்டு மணி நேரப் புகை அதில் கரைந்துபோகிறது. நிலையமும் எங்கள் தெருவில் இல்லை.

இந்த வட்டாரத்துக்கு இது புதிதல்ல, ஐயா. பிறைத் தொழிற்பேட்டைக் கழிவால் கோலா ஜூரு மீனவர்கள் மீனையும் கிராங் சிப்பியையும் இழந்தது 1970-களில். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்காகக் குரல் கொடுத்ததை எங்கள் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அப்புறம் 2019 மார்ச்சில் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதில் 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. அங்கே பிள்ளைகள் மயங்கி விழுந்த பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. எங்கள் தாமானுக்கு அந்த நிலை வரும்வரை காத்திருக்க எங்களால் முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியதாக நாங்கள் கேட்பது இதுதான். முன்னறிவிப்பு இல்லாமல், நள்ளிரவுக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடையில், சில இரவுகள் உங்கள் அதிகாரிகள் வர வேண்டும். நடமாடும் கருவி ஒன்றை எங்கள் மண்டபத்தில் சில வாரங்கள் வைத்து, மணிக்கு மணி அளவெடுக்க வேண்டும். கால்வாய் நீரையும் எடுத்துச் சோதிக்க வேண்டும். முடிவு எதுவானாலும் எங்களிடம் சொல்லுங்கள். அந்தத் தொழிற்சாலை மீது தவறில்லை என்று தெரிந்தாலும் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். அங்கே வேலை செய்பவர்களில் எங்கள் தாமான் பிள்ளைகளும் உண்டு. அதை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. லைசென்ஸ் கொடுக்கும் மன்றத்தையும் கால்வாயைப் பார்க்கும் இலாகாவையும் ஒரே மேசைக்கு அழைத்துப் பேச உங்களால்தான் முடியும் என்று நம்புகிறோம்.

இம்மனுவின் மலாய்ப் படியை இணைத்திருக்கிறோம். தமிழிலும் எழுதியதற்குக் காரணம், கையெழுத்திட்ட பாட்டிமார்கள் தாங்களே படித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். வாடை வந்த இரவுகளின் தேதியும் நேரமும் குறித்த நோட்டுப் புத்தகத்தின் நகலும் உடன் இருக்கிறது.

எந்த இரவு வந்தாலும் சரி, வழிகாட்ட எங்களில் ஒருவர் தாமான் முகப்பில் நிற்பார்.

இப்படிக்கு,
தாமான் குடியிருப்பாளர்கள்